யாரோட சுருதியில வாசிக்கிறோம்?

போன ரெண்டு எபிசோடும் சர்வர், டேட்டாபேஸ்னு போச்சு. இன்னிக்கு லேப்டாப்பை மூடி வெச்சிட்டு வேற ஒண்ணு பேசலாம். வார இறுதியில நாலஞ்சு பேர் வீட்டுல உக்காந்து பாட்டு வாசிக்கிறோம் இல்லையா, அந்த ஜாமிங். "தனியா வாசிச்சா நல்லா வருது, நாலு பேர் சேர்ந்தா ஏன் சொதப்புது?"ன்னு உங்கள்ல சில பேர் கேட்டிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்ச பதிலைச் சொல்றேன். ஆனா அந்தப் பதில் எனக்குச் சும்மா கிடைக்கல. ஒரு தோழி நாலு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வராம இருந்ததுக்கு அப்புறம்தான் கிடைச்சுது.

அந்த சனிக்கிழமை

வேளச்சேரியில நானும் ரூம்மேட்டும் வாடகைக்கு இருக்குற ரெண்டு பெட்ரூம் வீடு. ஹால்ல சோபா கிடையாது, பாய்தான். நான் கிடார், ஆறு வருஷமா யூட்யூப் பார்த்துக் கத்துக்கிட்டது. ரூம்மேட் கஹோன் வாசிப்பான். அது மேல உக்காந்துக்கிட்டே தட்டுற ஒரு மரப்பெட்டி, பெரு நாட்டுல இருந்து வந்த வாத்தியம். இன்னொருத்தன் கீபோர்டு. நாலாவது ஆளுக்கு எந்த வாத்தியமும் தெரியாது, ஆனா பரோட்டா வாங்கிட்டு வருவான். அஞ்சாவது, எங்களோட காலேஜ்ல படிச்ச ஒரு தோழி. பேரு சொன்னா கோச்சுக்குவா, அதனால தோழின்னே வெச்சுக்குவோம்.

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல அவ பாடினா பின் வரிசைப் பசங்க கூட கத்தாம கேப்பாங்க. வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் பாடுறதே நின்னு போச்சு. ரொம்பக் கெஞ்சி அன்னிக்கு வர வெச்சோம்.

அவ பாட ஆசைப்பட்ட பாட்டோட ஒரிஜினல் ஜி மேஜர். எனக்கு ஒரே சந்தோஷம். ஜி, சி, டி, இ மைனர், இந்த நாலு கார்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன். பல்லவி அருமையா போச்சு. சரணத்துல மேல ஏறுற இடத்துல அவ குரல் உடைஞ்சுது. "இன்னொரு தடவை போலாம்"னேன். மறுபடி அதே இடம், அதே மாதிரி. மூணாவது தடவை அவளே கொஞ்சம் கீழ இறக்கிப் பாட ஆரம்பிச்சா. அது எங்க கார்டோட ஒட்டல. "ஏய், ஒரிஜினல்ல இருக்குற மாதிரி பாடு"ன்னு நான்தான் சொன்னேன்.

அவ சிரிச்சுக்கிட்டே "தொண்டை சரியில்லடா"ன்னா. பரோட்டா சாப்பிட்டுக் கிளம்பிட்டா. அடுத்த வாரம் கூப்பிட்டா ஆபீஸ் வேலை. அதுக்கடுத்த வாரம் ஊர்ல விசேஷம். அப்படியே நாலு மாசம்.

தொண்டையா, சுருதியா?

உண்மையில அன்னிக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம். நம்ம குரல் எங்கிருந்து வருது? தொண்டையில இருக்குற ரெண்டு குரல் நாண்கள் அதிர்றதுல இருந்து. சாதாரணமா பேசும்போது ஒரு ஆணுக்கு அது நொடிக்கு சுமார் 120 தடவை அதிரும், பெண்ணுக்கு சுமார் 200 தடவை. நாணோட நீளமும் கனமும்தான் ஒருத்தரோட எல்லையை முடிவு பண்ணுது. பயிற்சியால அந்த எல்லையைக் கொஞ்சம் விரிக்கலாம். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தரை உக்கார வெச்சு விரிக்க முடியாது.

அந்தப் பாட்டோட உச்ச ஸ்வரம் 659 ஹெர்ட்ஸ், கீபோர்டு பாஷையில மேல் ஸ்தாயி இ. அவளுக்குச் சிரமமில்லாம எட்டுற உச்சம் 523 ஹெர்ட்ஸ் பக்கத்துல, அதாவது சி. ரெண்டுக்கும் நடுவுல நாலு அரை ஸ்வரம் வித்தியாசம். பல்லவி கீழேயே சுத்துறதால பிரச்சினை தெரியல. நம்ம சினிமாப் பாட்டுல பெரும்பாலும் சரணம்தான் மேல ஏறும். பல்லவியை வெச்சு சுருதி முடிவு பண்ணா, மாட்டுறது சரணத்துல.

இதை நம்ம ஊர்ல எப்பவோ தீர்த்து வெச்சிருக்காங்க. "எட்டுக் கட்டையில கத்தாதே"ன்னு வீட்டுல திட்டு வாங்கியிருப்பீங்க. அந்தக் கட்டை ஹார்மோனியத்தோட கட்டைதான். சி ஒரு கட்டை, டி ரெண்டு, இ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு, ஏ ஆறு. நடுவுல இருக்குற கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு: ஒன்றரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை. கர்நாடக சங்கீதத்துல ஆண்கள் பெரும்பாலும் ஒண்ணுல இருந்து ரெண்டு கட்டைக்குள்ள பாடுவாங்க, பெண்கள் அஞ்சு, அஞ்சரை பக்கம்.

அடுத்த தடவை ஒரு கச்சேரிக்குப் போனா மேடையைப் பாருங்க. பாடுறவரோட கட்டைதான் அங்க சட்டம். தம்புரா அதுல நிக்கும். வயலினோட நாலு தந்தியும் அவரோட ஸ, ப, ஸ, ப-வுக்கு மாறியிருக்கும். மிருதங்கம் அவரோட ஆதார ஸ்வரத்துக்குச் சேர்த்திருக்கும். கடம் சுட்ட மண்பானை. அதோட சுருதியைக் கொஞ்சம்தான் மாத்த முடியும். அதனால கடம் வாசிக்கிறவங்க வேற வேற சுருதிக்கு வேற வேற பானை வெச்சிருப்பாங்க. எத்தனை பெரிய வித்வானா இருந்தாலும், பாடகர் கிட்ட "என் கடம் அஞ்சு கட்டை, நீங்க கொஞ்சம் ஏத்திப் பாடுங்க"ன்னு சொல்ல மாட்டார்.

நான் அதைத்தான் சொல்லியிருக்கேன். ஆறாயிரம் ரூபா கிடாரை வெச்சிக்கிட்டு.

என் எஃப் பிரச்சினை

சில வாரம் கழிச்சு, கீபோர்டு நண்பன் அதே பாட்டைச் சும்மா வாசிச்சிட்டு இருந்தான். டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு தடவை கீழ அமுக்கினான். விரல் அதே இடத்துல ஓடுது, பாட்டு மட்டும் நாலு படி இறங்கிடுச்சு. ஜி-யில இருந்தது இ ஃப்ளாட்டுக்கு, அதாவது அஞ்சு கட்டையில இருந்து ரெண்டரைக்கு வந்துடுச்சு. "மச்சான், அன்னிக்கு இப்படிப் போட்டிருந்தா அவ பாடியிருப்பா இல்ல?"ன்னு கேட்டான்.

அன்னிக்கே அவன் பட்டன் அமுக்காததுக்குக் காரணம் நான்தான். கிடார்ல கேப்போன்னு ஒரு கிளிப் இருக்கு. கழுத்துல மாட்டினா, ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அரை ஸ்வரம் சுருதி ஏறும். ஆனா அது ஏத்தத்தான் செய்யும், இறக்காது. ஜி-யில இருந்து இ ஃப்ளாட்டுக்கு இறங்கணும்னா வேற வழி பிடிக்கணும். கேப்போவை மூணாவது ஃப்ரெட்டுல போட்டு, சி ஸ்கேல்ல வாசிக்கணும். ஜி, சி, டி, இ மைனர் இருந்த இடத்துல சி, எஃப், ஜி, ஏ மைனர் வரும். அந்த எஃப் இருக்கே, அது பார் கார்டு. ஆள்காட்டி விரலைப் படுக்க வெச்சு ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்தணும். கிடார் கத்துக்கிற முக்கால்வாசிப் பேர் திணர்ற இடம் அது. நான் ஆறு வருஷமா அதைத் தாண்டாமலே ஓட்டிட்டு இருந்தேன்.

ஆக, அவ தொண்டையில ஒண்ணும் இல்ல. நான் எஃப் கத்துக்கல. அதை மறைக்க "ஒரிஜினல் மாதிரி பாடு"ன்னு சொல்லியிருக்கேன். வாத்தியத்தால நகர முடியும், குரலால முடியாது. நகரக் கூடியவன் நகராம, முடியாதவங்களை நகரச் சொன்னா அவங்க வெளிய போயிடுவாங்க. வீட்டு ஜாம் கலையுறதுக்கு நான் பார்த்த வரைக்கும் பெரிய காரணம் இதுதான். திறமை இல்லாததால கலையுறது ரொம்பக் கம்மி.

சரி, சுருதி கண்டுபிடிக்க நாங்க இப்போ பண்றது இதுதான்:

1. பாட்டுல ரொம்ப மேல போற வரியைத் தேடுங்க. பெரும்பாலும் சரணத்தோட மூணாவது, நாலாவது வரியில இருக்கும்.
2. வாத்தியம் எதுவும் இல்லாம, பாடுறவங்க அந்த வரியை மட்டும் அவங்க இஷ்டத்துக்குப் பாடட்டும். "இன்னொரு தடவை, நல்லா சத்தமா"ன்னு கேளுங்க. மெதுவா முணுமுணுக்கும்போது எல்லாருக்கும் எல்லாம் எட்டும்.
3. அவங்க பாடின உச்ச ஸ்வரத்தைக் கீபோர்டுலயோ, டியூனர் ஆப்லயோ பிடிங்க. ஒரிஜினலோட எத்தனை அரை ஸ்வரம் வித்தியாசம்னு எண்ணுங்க. அத்தனையும் வாத்தியம் நகரணும்.
4. பல்லவி ரொம்பக் கீழ போய் முணுமுணுப்பா ஆகுதான்னு ஒரு தடவை சரிபாருங்க. ஆச்சுன்னா ஒரு படி ஏத்திக்கலாம்.

மொத்தம் அஞ்சு நிமிஷ வேலை.

லண்டன் நண்பனும் 150 மில்லி செகண்டும்

எங்க கூட்டத்துல ஆறாவதா ஒருத்தன் உண்டு. பேஸ் கிடார் வாசிப்பான். இப்போ லண்டன்ல வேலை. "வீடியோ கால்ல சேர்ந்துக்கிறேன்டா"ன்னு ஒரு நாள் ஆசையா வந்தான். ரெண்டு நிமிஷத்துல பாட்டு ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டே போய் நின்னுடுச்சு. நெட் ஸ்லோன்னு திட்டினோம். ஆனா நெட் மேல முழுப் பழியும் போட முடியாது.

காத்துல சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஹால்ல எனக்கும் கஹோனுக்கும் நடுவுல மூணு மீட்டர் இருந்தா, அவன் தட்டுறது எனக்கு 9 மில்லி செகண்ட் கழிச்சுக் கேக்கும். அது நமக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தாமதம் 25, 30 மில்லி செகண்டைத் தாண்டும்போது ஆட்டம் ஆரம்பிக்குது. நான் அவன் பீட்டுக்காக ஒரு நூல் காத்திருப்பேன். அவன் என் ஸ்ட்ரம்முக்காக ஒரு நூல் காத்திருப்பான். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் காத்திருந்தா வேகம் தானா குறையும். ரெண்டு பேரும் வாசல்ல நின்னுக்கிட்டு "நீங்க முன்னாடி போங்க"ன்னு மரியாதை பண்ற கதைதான்.

சென்னையில இருந்து லண்டன் நேர்கோட்டுல சுமார் 8,200 கிலோமீட்டர். ஃபைபர்ல ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் நேர்கோட்டுல போனாலே ஒரு பக்கத்துக்கு 41 மில்லி செகண்ட். அதுக்கு மேல மைக், கம்ப்ரெஷன், பஃபர் எல்லாம் சேர்ந்தா 150-ஐச் சுலபமா தாண்டும். நிமிஷத்துக்கு 100 பீட் வேகத்துல ஒரு பீட்டுங்கிறது 600 மில்லி செகண்ட். அப்போ 150-ங்கிறது கால் பீட். எவ்ளோ வேகமான நெட் வாங்கினாலும் அந்த 41 குறையாது. ஒளியோட வேகம் அவ்ளோதான்.

இது போதாதுன்னு, வீடியோ கால் ஆப்களுக்குப் பேச்சுதான் முக்கியம். நீளமா ஒலிக்கிற தந்தியை "இரைச்சல்"னு நினைச்சு வெட்டிடும். செட்டிங்ஸ்ல நாய்ஸ் சப்ரெஷனை அணைச்சா ஒலி தெளிவாகும், தாமதம் போகாது. ஜமுலஸ், ஜாக்ட்ரிப் மாதிரி இதுக்குன்னே எழுதின ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. பஃபரை முடிஞ்ச அளவு சின்னதாக்கும். சென்னை–பெங்களூருன்னா முயற்சி பண்ணலாம். சென்னை–லண்டனுக்கு அதுவும் உதவாது.

நாங்க பிடிச்ச வழி ஒண்ணு உண்டு. ஒருவழிப் பாதை. அவன் அங்க மெட்ரோனோம் வெச்சு வாசிப்பான், நாங்க அதைக் கேட்டு மேல வாசிப்போம். எங்க பக்கம் எல்லாம் சேர்ந்து கேக்கும். ஆனா நாங்க வாசிக்கிறதை அவன் கேட்டா கெட்டுப் போயிடும், அதனால அவன் எங்களை மியூட் பண்ணிடுவான். எங்களுக்கு அடித்தளம் போட்டுட்டு, மேல என்ன கட்டினோம்னு தெரியாமலேயே வாசிப்பான். அப்புறம் ரெக்கார்டிங் அனுப்புவோம். "சேர்ந்து வாசிச்ச மாதிரியே இருக்குடா"ன்னு பதில் வரும். அந்த "மாதிரியே" கொஞ்சம் வலிக்கும்.

இதே கணக்கு ப்ளூடூத்துக்கும் பொருந்தும். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர், இயர்போன்ல 100, 200 மில்லி செகண்ட் தாமதம் சகஜம். கீபோர்டை அதுல கோத்து வாசிச்சீங்கன்னா, விரல் ஒரு இடத்துல இருக்கும், சத்தம் ஒரு இடத்துல இருக்கும். சாதாரண ஒயர் போதும், ஒயர்ல குடுங்க. தம்புரா ஆப்பை மட்டும் ப்ளூடூத்துல விடலாம். அதுக்குத் தாளம் கிடையாது, லேட்டா வந்தாலும் யாருக்கும் தெரியாது.

கீழ் வீட்டு டம் டம்

ஒரு நாள் ராத்திரி பத்தேகாலுக்குக் கதவு தட்டுற சத்தம். கீழ் வீட்டுத் தாத்தா. திட்டுவாருன்னு நினைச்சோம். "பாட்டு கேட்டா கூட பரவாயில்ல தம்பி. எனக்கு டம் டம்னு மட்டும்தான் கேக்குது"ன்னார்.

அவர் சொன்னது சரியான இயற்பியல். குரலும் கிடாரும் காத்து வழியா போற உயர்ந்த அதிர்வெண்கள். சுவரும் கான்கிரீட்டும் அதை நல்லாவே தடுக்கும். கஹோனோட அடித்தட்டு தாழ்ந்த அதிர்வெண், அதுவும் நேரா தரையில உக்காந்திருக்கு. தரையே அதிர்ந்து கீழ் வீட்டுக் கூரை வழியா இறங்கும். பாவம், அவருக்கு மெலடி இல்லாத பாட்டு கிடைச்சிருக்கு.

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. எங்க பக்கம் நியாயம் இல்ல. இப்போ கஹோனுக்குக் கீழ மடிச்ச போர்வை, அதுக்குக் கீழ பாய். ஒன்பதரைக்குக் கஹோன் நிறுத்தம். அதுக்கப்புறம் தொடையில தாளம்தான்.

இதுல எதிர்பாராத லாபம் ஒண்ணு கிடைச்சுது. கஹோன் சத்தம் குறைஞ்சதும், நான் ஸ்ட்ரம் பண்றதைக் குறைச்சேன். நான் குறைச்சதும் கீபோர்டு குறைஞ்சுது. அப்போதான் பாடுறவங்களோட வார்த்தை காதுல விழ ஆரம்பிச்சுது. சத்தத்துல போட்டி வந்தா முதல்ல தோக்கறது குரல்தான். அதுக்கு வால்யூம் பட்டன் கிடையாது, கத்தத்தான் முடியும். கத்தினா மறுபடி சரணத்துல உடையும். அதனால இப்போ எங்க வீட்டு விதி: பாட்டோட வார்த்தை உனக்குக் கேக்கலைன்னா, நீ சத்தமா வாசிக்கிறேன்னு அர்த்தம்.

பரோட்டா நண்பனுக்கு என்ன வேலை?

ஜாம்ங்கிற வார்த்தை ஜாஸ்ல இருந்து வந்தது. 1940-களோட தொடக்கத்துல நியூயார்க்கோட ஹார்லெம்ல மின்டன்ஸ் பிளேஹவுஸ்னு ஒரு கிளப்ல, தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி மாதிரி ஆட்கள் ராத்திரி முழுக்க வாசிச்சாங்க. பீபாப் வளர்ந்த முக்கியமான இடங்கள்ல அது ஒண்ணு. அங்க சரியா வாசிக்கத் தெரியாதவங்க மேடை ஏறினா, வேணும்னே கஷ்டமான சுருதிக்கும் தாறுமாறான வேகத்துக்கும் மாத்தி, தானா இறங்க வெப்பாங்க. புது இசையைத் தேடினவங்களுக்கு அந்த வடிகட்டி தேவைப்பட்டிருக்கலாம். ஆனா வாரம் பூரா ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல உக்காந்துட்டு வர்ற நமக்கு வீட்டுல எதுக்கு வடிகட்டி?

நம்ம பஜனை மரபைப் பாருங்க. ஒருத்தர் ஒரு வரி பாடுவார், மத்தவங்க எல்லாரும் அதையே திருப்பிப் பாடுவாங்க. பாட்டு தெரியணும்னு அவசியம் இல்ல, இப்போதான் கேட்டீங்க இல்ல, அது போதும். மார்கழிக் காலையில சின்னப் பையன்ல இருந்து பாட்டி வரைக்கும் ஜால்ராவோட அதுல சேர முடியுதுன்னா, காரணம் அந்த வடிவம்தான். அதையே நாங்க எடுத்துக்கிட்டோம். ஒவ்வொரு பாட்டுலயும் ரெண்டு வரியைத் திருப்பிப் பாடுற வரியா ஒதுக்கிடுவோம். அதோட பரோட்டா நண்பன் கையில ஒரு சின்ன டப்பா, உள்ள கொஞ்சம் அரிசி. ரெண்டாவது, நாலாவது பீட்டுல மட்டும் குலுக்கணும். இப்போ அவன் இல்லேன்னா பாட்டு தட்டையா இருக்கு.

நாலு மாசம் கழிச்சு

எஃப் வர எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு. இன்னமும் ரெண்டாவது தந்தி சில நேரம் "டப்"புன்னு செத்த சத்தம் குடுக்கும். ஒரு நாள் தோழிக்கு போன் பண்ணேன். பாட வான்னு கூப்பிடல. "அன்னிக்குத் தப்பு உன் தொண்டையில இல்ல. பாட்டை நாலு படி இறக்கியிருக்கணும். எனக்கு இறக்கத் தெரியல, அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னா: "பாடாம விட்டதால குரலே போயிடுச்சுன்னு நினைச்சிட்டு இருந்தேன்டா. குளிக்கும்போது பாடுறதைக் கூட விட்டுட்டேன்."

எனக்கு அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. ஒரு சின்ன வார்த்தை, ஒருத்தர் கிட்ட இருந்து எவ்ளோ எடுத்துடும் பாருங்க.

அந்த சனிக்கிழமை வந்தா. முதல்ல சரணத்தோட உச்ச வரி, வாத்தியம் இல்லாம. அப்புறம் கேப்போ மூணாவது ஃப்ரெட். பல்லவி போச்சு. சரணம் வந்துச்சு. எல்லாரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தோம். அவ சாதாரணமா ஏறி இறங்கிட்டா. என் எஃப்தான் சொதப்புச்சு. "ஏய், ஒரிஜினல்ல இருக்குற மாதிரி வாசி"ன்னா. எல்லாரும் சிரிச்சோம், நான் கொஞ்சம் அதிகமாவே.

அவ்ளோதான் மக்களே. இந்த வார இறுதியில யாராவது உங்க வீட்டுல பாட உக்காந்தா, கிடாரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உனக்கு எது வசதி?" மீதி எல்லாத்தையும் கேப்போவும் பட்டனும் பார்த்துக்கும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.